அண்ணாச்சி என்று கூப்பிட்ட போலீஸ்காரர்

உப்பளத்துக் காவல்கொட்டகையில் போலீஸ் துப்பாக்கிகள் பறிபோனது 1942 செப்டம்பரில் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. மாதா கோயில் திருவிழாக் கொடி இறங்கி, ஆவணியும் பிறந்த பிறகு, ஆகஸ்ட் தீர்வதற்குள் நடந்தது. சித்திரபானு வருஷம். நான் அப்போது தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு சரக்கு ஏஜெண்டிடம் குமாஸ்தாவாக இருந்தேன். யுத்தத்தால் கப்பல் வரத்து குறைந்து, மேசைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்து பத்திரிகை படிக்கும் நேரம் கூடியிருந்தது. உள்ளூர்ச் சேதி எதுவும் பத்திரிகையில் வராத காலம். வந்ததெல்லாம் வாய்வழியாகத்தான்.

நகரத்துக்கு வெளியே உப்பளங்களின் ஓரத்தில் ஓலை வேய்ந்த கொட்டகை ஒன்று இருந்தது. தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்ட பிறகு ஊரெல்லாம் கொந்தளித்துக்கொண்டிருந்ததால் அங்கே இரண்டு போலீஸ்காரர்களைக் காவலுக்கு வைத்திருந்தார்கள். ஒருவர் காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். மற்றவரை, முகத்தில் துணி கட்டி வந்த கூட்டம் தூணோடு சேர்த்துக் கட்டிவிட்டு, இரண்டு துப்பாக்கிகளையும், அவற்றின் முனையில் செருகும் கத்திகளையும், ஆணியில் தொங்கிய பெல்ட்டுகளையும், கொடியில் காய்ந்த காக்கி உடுப்புகளையும், சிவப்புத் தலைப்பாகைகளையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. யார் உடம்பிலும் ஒரு கீறல் இல்லை. கட்டிப் போடப்பட்டவருக்கு அந்தக் கீறல் இல்லாததே வினையாயிற்று. ‘சண்டை போட்டிருந்தால் காயம் இருக்குமே, இவனாகவே எடுத்துக் கொடுத்திருப்பானோ’ என்று மேலதிகாரிகள் கேட்டார்கள். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

அவர் ஏரல் பக்கத்து நெல்விளையும் ஊர் ஒன்றைச் சேர்ந்தவர். ஒடிசலான ஆள். நான் அவரை முதலில் பார்த்தது அந்தப் புரட்டாசியில்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நல்ல வெயிலில், பாத்திகளின் வரப்பில் தனியாக நடந்துகொண்டிருந்தார். அங்கங்கே குனிந்து ஓடைச் சேற்றைக் கம்பால் கிளறிப் பார்த்தார். எங்கள் ஆபீஸ் வண்டிக்காரன் காட்டினான்.

“அந்தா போறாம் பாருங்க. துப்பாக்கியத் தொலைச்ச போலீசு. தெனம் வந்து தேடுதான். பறிச்சவன் சேத்துக்குள்ளயா நட்டு வச்சிருப்பான், மொளைக்கட்டும்னு?”

நான் சிரித்தேன். துப்பாக்கி கிடைத்தால் அந்த மனிதருக்கு வேலை திரும்பக் கிடைக்கும், கிடைக்காவிட்டால் ஜெயில்கூட உண்டு என்பது அன்று எனக்குத் தெரியாது.

எங்களுக்கெல்லாம் பயம் துப்பாக்கிகளைப் பற்றித்தான் இருந்தது. எங்கே யாரைச் சுடப் போகிறார்களோ என்று பேசிக்கொண்டோம். உடுப்புகளைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

என் அக்காளை நகரத்துக்கு வெளியே, திருநெல்வேலி ரோட்டிலுள்ள புதுக்கோட்டையில் கொடுத்திருந்தது. அத்தான் அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. அதே புரட்டாசியில், தெருவில் நாய்கூட நடமாடாத ஒரு மத்தியான வேளையில், இரண்டு போலீஸ்காரர்கள் கடைக்குள் வந்தார்கள். ஒருவன் வாசலில் துப்பாக்கியோடு நின்றுகொண்டான். மற்றவன் பேசினான்.

“அண்ணாச்சி, கடையச் சோதனை போடணும். அரிசி, மண்ணெண்ணெய் பதுக்கியிருக்குன்னு மேல எழுதிப் போட்டிருக்காங்க. தப்பா நெனச்சுக்கிடாதீய.”

அத்தான் நடுங்கிப்போய்ச் சாவிக்கொத்தைக் கொடுத்தார். அரிசி மூட்டைகளை ஒப்புக்குத் தட்டிப் பார்த்துவிட்டு இரும்புப் பெட்டியைத் திறந்தான். அக்காளின் சங்கிலி, வளையல்கள், பிள்ளைகளின் கொலுசு எல்லாவற்றையும் ஓர் ஓலைப்பெட்டியில் போட்டு, “இதுக்குக் கணக்கு காட்டணும் அண்ணாச்சி, நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்து வாங்கிக்கிடுங்க” என்றான். அக்காளிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். போய்விட்டார்கள்.

மறுநாள் அத்தான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் நகைகளைக் கேட்டார். அங்கே இருந்த அதிகாரிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

“ஏலே, நம்பர் பாத்தியா?”

அத்தான் பார்த்திருந்தார். பெல்ட்டின் பித்தளைத் தகட்டில் இருந்த எண்ணைச் சொன்னார். அந்த எண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது உப்பளத்தில் தூணோடு கட்டப்பட்டவருடைய எண்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அக்காள் அழுது ஓய்ந்து கோபத்துக்கு வந்திருந்தாள்.

“ஏலே தம்பி, நீயே சொல்லு. எந்தப் போலீசுக்காரன் நம்மள அண்ணாச்சிம்பான்? தண்ணிய வாங்கிக் குடிச்சிட்டுச் செம்பப் பைய கீழ வச்சிட்டு ‘வாரேன் அண்ணாச்சி’ன்னு போறாம். அப்பமாவது இவுகளுக்கு மண்டையில ஏறண்டாமா?”

“ஏளா, துப்பாக்கிய வச்சிக்கிட்டு நிக்கவன்ட்ட, நீ ஏன் மரியாதையாப் பேசுதன்னு கேக்க முடியுமா?” என்றார் அத்தான்.

அக்காள் சொன்னது நியாயந்தான். எங்கள் பக்கத்தில் வயதில் மூத்தவரை, கடைக்காரரை, யாரென்று தெரியாதவரைக்கூட அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். போலீஸ்காரர்கள் மட்டும் எல்லாரையும் ஏலே என்பார்கள். அக்காளின் பேச்சு கடைக்கு வந்தவர்கள் வாயில் ஏறி, சந்தைக்குப் போய், திரேஸ்புரத்து மீன்காரிகள் வரை போயிற்று. போலீஸ் உடுப்பில் வருகிறவன் ஏலே என்றால் அசல், அண்ணாச்சி என்றால் கள்ளன். கதவைத் திறக்காதே.

இதனால் விபரீதமான ஒன்று நடந்தது. துறைமுக வாசலில் காவல் நின்ற ஒரு போலீஸ்காரர் சாதுவான மனிதர். மத்தியானம் காப்பிக் கடையில் என் பக்கத்தில் உட்காருவார். ஒருநாள் அவர் கடைக்குள் வரும்போதே, எச்சில் கிளாஸ் எடுத்துக்கொண்டிருந்தவனை ஏலே என்று அதட்டி, முதுகில் ஓர் அடியும் வைத்தார். நான் திகைத்துப்போய்ப் பார்த்தேன்.

“என்ன செய்யச் சொல்லுதிய? நேத்து ஒரு வீட்டுல சம்மன் குடுக்கப் போனேன். அம்மா, ஐயா இருக்காவளான்னு கேட்டேன். அந்தப் பொம்பளை உள்ள ஓடித் தாப்பாளப் போட்டுட்டு, ‘கள்ளப் போலீசு வந்திருக்கான்’னு கத்துதா. தெருவே கம்போட வந்துட்டு. மரியாதையாப் பேசுனா உசிரு போயிரும் போலிருக்கு.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாயில்லை. அந்த மாதங்களில் எங்கள் ஊரில் அசலான போலீஸ்காரர்கள் தாங்கள் அசல் என்று காட்டிக்கொள்வதற்காகவே அடித்தார்கள்.

அதே எண்ணைப் பெல்ட்டில் போட்டவன் வேறு இரண்டு ஊர்களிலும் புகுந்ததாகச் சொன்னார்கள். அந்த எண்ணுக்கு உரியவரோ உப்பளத்தில் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். அத்தான் கடையில் களவு போன அந்த மத்தியானம் எங்கே இருந்தாய் என்று அவரைக் கேட்டபோது, “உப்பளத்தில் என் துப்பாக்கியைத் தேடிக்கொண்டிருந்தேன்” என்றிருக்கிறார். யார் பார்த்தது? ஒருவரும் இல்லை. ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் அவரைப் பிடித்து அடைத்தார்கள். உடுப்பையும் துப்பாக்கியையும் கூட்டாளிகளிடம் கொடுத்துவிட்டுக் கட்டிப்போட்டதாக நாடகம் ஆடினார், பிறகு அதே உடுப்பில் கொள்ளையும் அடித்தார் என்பது குற்றச்சாட்டு. அவருடைய விடுதலை முழுக்க முழுக்க ஒரு கேள்வியில் வந்து நின்றது. கடைக்கு வந்தவன் இவர்தானா, இல்லையா?

அதைச் சொல்லவேண்டியவர் அத்தான். அக்காள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இங்கிலீஷ் தெரிந்தவன் ஒருவன் கூட இருந்தால் நல்லது என்று என்னை அழைத்துக்கொண்டு போனார் அத்தான். மழை விட்டிருந்த ஒரு காலை. தாலுகா கச்சேரியின் முற்றத்தில் வாகை மரத்தடியில் என்னை நிற்கச் சொல்லிவிட்டார்கள். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே மாஜிஸ்டிரேட் முன்னால் ஐந்தாறு பேரை வேட்டி சட்டையில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். போகும்போதே அவர்கள் என்னைக் கடந்து போனதால் உப்பளத்து மனிதரை அடையாளம் தெரிந்துகொண்டேன். இடது புருவத்தின் நடுவே ஒரு வெட்டுத் தழும்பு, அதற்கு மேலே முடி முளைக்காத வெண்மை. மற்றவர்கள் எல்லாரும் சாதா உடையில் வந்த போலீஸ்காரர்கள். என் காப்பிக் கடைச் சிநேகிதரும் அதில் ஒருவர்.

அத்தானின் குரல் கேட்டது. “எசமான், நான் மொகத்தப் பாக்கல.”

“ஏன் பார்க்கவில்லை?”

“பாக்கல எசமான்” என்று மறுபடியும் அதையே சொன்னார் அத்தான். காரணம் எனக்குத் தெரியும். போலீஸ்காரன் முகத்தை நேருக்கு நேர் பார்த்துப் பேசினால் எங்கள் பக்கத்தில் அது திமிர். தலைப்பாகையைப் பார்ப்போம், பெல்ட்டைப் பார்ப்போம், கையிலிருக்கும் கம்பைப் பார்ப்போம். அன்று கடைக்கு வந்தவர்களின் முகத்தை என் அத்தான் மட்டுமல்ல, யாருமே பார்த்திருக்க மாட்டார்கள்.

“கொரல் தெரியும் எசமான்” என்றார் கடைசியில்.

அதன்பேரில் ஒவ்வொருவரையும் ஒரே வாக்கியத்தைச் சொல்லச் சொன்னார்கள். ‘அண்ணாச்சி, கடையச் சோதனை போடணும்.’ நான் மரத்தடியில் நின்று கேட்டேன். முதல் ஆள் அதட்டலாகச் சொன்னான். இரண்டாவது ஆளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்தவன் அண்ணாச்சி என்பதை விழுங்கிவிட்டுச் சோதனையை மட்டும் உரக்கச் சொன்னான். காப்பிக் கடைச் சிநேகிதர் ஒப்பிப்பதைப் போலச் சொன்னார். பிறகு ஒரு குரல். தாமிரபரணிக் கரையில் ஒரு வரப்பிலிருந்து இன்னொரு வரப்பில் நிற்பவரைக் கூப்பிடுகிற மாதிரி, நீட்டி, பணிவாக. “அண்ணாச்சீ... கடையச் சோதனை போடணும்.” அத்தோடு நிறுத்தாமல், “என்னய நல்லாப் பாருங்க அண்ணாச்சி” என்றும் சொன்னது.



“இவருதான்” என்றார் அத்தான்.

திரும்பி வரும்போது வண்டியில், கோரம்பள்ளம் பக்கம் வந்ததும், “கொரல் அதுதான மாப்ள? நீயுங் கேட்டல்லா?” என்றார். நான் அந்த மத்தியானம் கடையில் இருந்தவனல்ல, எனக்கு எப்படித் தெரியும் என்றேன். “மத்தவன் எவனும் அப்படிச் சொல்லலயே” என்றார்.

வண்டிச் சத்தத்தில் அந்தப் பதில் எனக்குச் சாதாரணமாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. மற்றவர்கள் எப்படிச் சொல்வார்கள்? அந்த வார்த்தையைச் சொல்வதையே விட்டுவிட்ட போலீஸ்காரர்கள் அவர்கள். அந்த வரிசையில் அண்ணாச்சி என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆளை என் அத்தான் சுட்டிக்காட்டியிருக்கிறார். கள்ளனை அல்ல, மரியாதை தெரிந்தவனை. அப்போதும் நான் நிச்சயமாக நினைக்கவில்லை. அவனே இவனாகவும் இருக்கலாமே.

மார்கழியில் தீர்ப்பாயிற்று. இரண்டு வருஷம். பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள்.

அத்தானுக்கு அதற்குப் பிறகு மத்தியானங்கள் கெட்டுப்போயின. காலையிலும் சாயங்காலத்திலும் கூட்டம் இருக்கும்போது ஒன்றுமில்லை. வெயில் ஏறி, ரோடு வெறிச்சிட்டு, தராசுத் தட்டு அசையாமல் நிற்கும் நேரத்தில் எவனாவது ஒருவன் வாசலில் நின்று அண்ணாச்சி என்று கூப்பிட்டால் அவருக்குத் தூக்கிவாரிப் போடும். கையிலிருந்த படி விழும். யாருமே இல்லாதபோதும் “யாரு?” என்று எழுந்து வாசலுக்குப் போவார். ஒருமுறை நானே பார்த்தேன். ரோட்டில் கானல்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு, “இந்தா வாரேன்” என்றார்.

அக்காள் கேலி செய்து பார்த்தாள். “ஊருல பூராப் பேரும் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுதான். ஒவ்வொருத்தனுக்கும் உசிரு போனா யாவாரம் எப்படிப் பண்ணுவிய? பேர மாத்தி மாமான்னு கூப்பிடச் சொல்லட்டுமா?”

அவர் சிரிக்கவில்லை. மத்தியானத்தில் கடைப் பலகைகளைச் சாத்த ஆரம்பித்தார்.

மாசி மாதம். 1943. திரேஸ்புரத்துச் சங்கு குளிப்பவர் ஒருவர் கடலடியிலிருந்து ஒரு சாக்கை எடுத்து வந்தார். பாறை என்று நினைத்துக் கைவைத்தாராம். கல்லைப் போட்டுப் பனைநார்க் கயிற்றால் கட்டியிருந்தது. கரையில் போட்டு அவிழ்த்தபோது எங்கள் ஆபீஸ் ஆட்களோடு நானும் ஓடிப்போய்ப் பார்த்தேன். அழுகிய காக்கித் துணி, ஒரு தலைப்பாகைத் துண்டு, ஒரு பெல்ட். துப்பாக்கி இல்லை. பெல்ட்டின் தகட்டைச் சங்கு குளித்தவர் மணலில் தேய்த்தார். எண் தெரிந்தது. அத்தான் ஸ்டேஷனில் சொன்ன அதே எண்.

“இதக் கொண்டுபோய்க் குடுத்தா எனக்கு அடி விழுமா, துட்டு விழுமா?” என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். அடிதான் விழுந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். எங்கிருந்து எடுத்தாய், யார் போட்டார்கள் என்று கேட்டுப் பின்னி எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யார் கண்ணிலாவது துப்பாக்கி பட்டிருந்தாலும் கடலுக்கே திருப்பிக் கொடுத்திருப்பார்கள். அவை கிடைத்ததாக நான் எங்கும் கேள்விப்படவில்லை.

அந்த ஞாயிறு அத்தானிடம் பெல்ட் கிடைத்ததைச் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் கருப்பட்டிச் சிப்பத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தினார்.

“எந்த ஓட்டையில மாட்டுன தடம் இருந்துச்சு?”

நான் யோசித்தேன். அந்த பெல்ட்டில் கொக்கிக்கு வெகு உள்ளே, ஆணியால் யாரோ குத்தின ஓர் ஓட்டை இருந்தது. மெலிந்த இடுப்புக்காகப் பண்ணிக்கொண்டது. ஆனால் இழுபட்டுக் கிழிந்து கண்போல் நீண்டிருந்தது நுனியில் இருந்த ஓட்டை. அதைச் சொன்னேன்.

“தொந்தி இருந்துச்சு மாப்ள” என்றார் அத்தான். “பெல்ட்டுக்கு மேல தொந்தி விழுந்து கெடந்துச்சு. நான் அதத்தான பாத்துக்கிட்டு நின்னேன். நம்பரப் பாத்தேன், அதுக்கு மேல தொந்தியப் பாத்தேன். கச்சேரியில நிக்கும்போது அது நெனப்பு வரலயே. அவரு ஈர்க்குச்சி மாதிரில்லா நின்னாரு.”

அக்காள் அடுப்படியிலிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் அந்த ஆளுக்குத் தண்ணீர் கொடுத்தவள். “ஆமா, தடியன்தான்” என்றாள் மெதுவாக. “ஆளு எப்படி இருந்தாம்னு என்ட்ட யாருங் கேக்கலயே.”

வக்கீல் ஒருவரைப் போய்ப் பார்த்தோம். சத்தியம் பண்ணிச் சொன்னதை மாற்றினால் நீர்தான் உள்ளே போவீர் என்றார். அத்தான் பரவாயில்லை என்று சொல்லிவிட்டார். நான் மனுவை இங்கிலீஷில் எழுதினேன், அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார். பங்குனியில் அனுப்பினோம். பதில் வரவில்லை. சித்திரைக்குப் பிறகு ஒரு போலீஸ்காரர் கடைக்கு வந்து, “ஏலே, கோர்ட்டுல ஒண்ணு சொன்ன, இப்பம் ஒண்ணு சொல்லுத, தோல உரிச்சிருவோம்” என்று சத்தம் போட்டுவிட்டு ஒரு வெற்றிலைக் கட்டை எடுத்துக்கொண்டு போனார்.

“இது அசல்தான்” என்றார் அத்தான். அந்த வருஷத்தில் அவர் செய்த ஒரே நகைச்சுவை அது.

மறுபடியும் எழுதினோம். யுத்தம், அரிசித் தட்டுப்பாடு, ரேஷன். ஒரு ஏரல்காரரின் பெல்ட்டைப் பற்றி அக்கறைப்பட ஒருவரும் இல்லை.

1944 கார்த்திகையில் ஒரு மத்தியானம். நான் அன்று லீவில் அங்கே இருந்தேன். கடைப் பலகைகளில் ஒன்று மட்டும் திறந்திருந்தது. வெளியே ஒருவர் வந்து நின்றார். தலை நரைத்திருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து ஏரலுக்குப் போகிற வழி புதுக்கோட்டை அல்ல. அது சுற்று. புருவத் தழும்பைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தானுக்குத் தெரியவில்லை. அவர் தலையைக் குனிந்து தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மொதலாளி, ரெண்டு வட்டுக் கருப்பட்டி.”

அத்தானின் கை நின்றது. குரலைத் தெரிந்துகொண்டார். ஆனால் அந்த வார்த்தை வேறு. எங்கள் கடையில் யாரும் அவரை முதலாளி என்று கூப்பிட்டதில்லை.

“நான் தப்பாச் சொல்லிட்டேன்” என்றார் அத்தான், தராசைப் பார்த்தபடியே. “மனு எழுதிப் போட்டேன். ரெண்டு மட்டம் போட்டேன்.”

“கேள்விப்பட்டேன் மொதலாளி.”

“அப்படிக் கூப்பிடாதீய. எப்பமும் போலக் கூப்பிடுங்க.”

“எப்படி?”

அத்தான் தராசை மறுபடியும் துடைக்கத் தொடங்கினார். வெளியே நின்றவரே சொன்னார்.

“அந்தச் சொல்ல விட்டுட்டேன் மொதலாளி. உள்ள இருக்கையில ஒருத்தரையும் சொல்லல. இனியுஞ் சொல்லுறதுக்கில்ல.” பிறகு, கோபமே இல்லாமல் கேட்டார். “அன்னைக்குக் கச்சேரியிலயாவது என் மொகத்தப் பாத்தியளா?”

“இல்ல.”

“இப்பமாவது பாருங்க.”

அத்தான் தலையை நிமிர்த்தினார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று நான் கவனிக்கவில்லை. உள்ளே அக்காள் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அந்த மனிதர் முகத்தைத் திருப்பவில்லை. அத்தான் பார்த்து முடிக்கும் வரை அசையாமல் நின்று கொடுத்தார். பிறகு கருப்பட்டியைத் துண்டில் முடிந்துகொண்டு தெற்கே நடந்தார்.

அத்தான் அதற்குப் பின்னும் பல வருஷம் இருந்தார். மத்தியானத்தில் அண்ணாச்சி என்ற கூப்பாடு கேட்பது நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. வியாபாரம் பேசிக்கொண்டிருக்கும்போதே, யாரும் கேட்காமல், ஒரு முகத்தைச் சொல்ல ஆரம்பிப்பார். இடது புருவத்தில் ஒரு வெட்டு, அதுக்கு மேல வெள்ளை, நெத்தியில மூணு கோடு, மூக்குத்தண்டு கொஞ்சம் வலது பக்கம் சாஞ்சிருக்கும், கீழுதட்டுல ஒரு மச்சம். கேட்பவர்கள் யார், எவர் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார். மறுபடியும் புருவத்திலிருந்து தொடங்குவார்.